எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்த ஊர்?

கோத்தகிரி டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். படகர் என்றால் ஹட்டியின் பெயரை உடனே சொல்வார். கீழ்நாட்டிலிருந்து வந்தவர் அவிநாசி என்பார், அன்னூர் என்பார். சிலோன் வழியாக வந்த குடும்பத்துப் பிள்ளை மட்டும் கொஞ்சம் தயங்கும். "அப்பா பொறந்தது மஸ்கெலியா. தாத்தாவுக்கு திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க." திருச்சிப் பக்கம் எந்த ஊர் என்று கேட்டால் அதற்கு மேல் தெரியாது.

அந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது, டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

தேடத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கதையின் முதல் பக்கத்துக்கு ஓடுகிறார்கள். தோட்ட வேலைக்காகத் தொண்டியில் தோணி ஏறி இலங்கையின் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து போன முப்பாட்டனைத்தான் முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவரைப் பற்றி அநேகமாக ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. நீங்கள் தொடங்க வேண்டியது கடைசிப் பயணத்திலிருந்து, உங்கள் குடும்பம் இந்தியா திரும்பத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய நாளிலிருந்து. காகிதம் நிறைய இருப்பது அங்கேதான். அங்கிருந்து ஒரு தலைமுறை, அதற்கு முந்தி இன்னொரு தலைமுறை என்று பின்னால் போக வேண்டும்.

இந்த வேலையில் நமக்கு மூத்தவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1845 முதல் 1852 வரை அடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அங்கே சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். ஏறத்தாழ அதே அளவு பேர் கப்பலேறிப் போனார்கள். இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் அவர்களின் வாரிசுகள் கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடித் தேடி அதை ஒரு தனி வித்தையாகவே ஆக்கிவிட்டார்கள். கார்க் கவுண்டி என்று மட்டும் தெரிந்தால் அவர்களுக்குப் போதாது. 'டவுன்லாண்ட்' என்று நம்ம குக்கிராமம் அளவுக்கு ஒரு நிலப்பிரிவு அங்கே உண்டு. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அதன் பெயர் கிடைத்தால்தான் கதவு திறக்கும்.

அவர்களுக்கும் ஆவணம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் நகரத்து ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பலானது. அடுத்த நாலு கணக்கெடுப்புகளின் ஏடுகளை அரசாங்கமே முன்னதாக அழித்திருந்தது. முழுசாக மிஞ்சிய பழைய ஏடுகள் 1901, 1911 இரண்டும்தான். அதனால் அவர்கள் மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவு, குடிசைவாரியாக வரி போட எடுத்த 'கிரிஃபித்' மதிப்பீட்டு ஏடு, கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர்களின் பெயர் என்று சுற்றுவழியில் தேடப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சுற்றுவழியைத்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் அவர்களிடம் இருக்கிறது. நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892 ஜனவரி 1 அன்று திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனவள் அன்னி மூர், கார்க்கிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த பெண். அவள் பிறகு டெக்சஸ் போய் அங்கே விபத்தில் இறந்தாள் என்று பல வருஷம் எழுதினார்கள், பேசினார்கள். 2006இல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, டெக்சஸ் அன்னி மூர் அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவள் என்று தெரிந்தது. கப்பலில் வந்த அன்னி நியூயார்க்கை விட்டுப் போகவே இல்லை. அங்கேயே ஏழைகள் தெருவில் பிள்ளைகுட்டியோடு வாழ்ந்து முடித்து, குயின்ஸ் பகுதிக் கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல்கூட இல்லாமல் கிடந்தாள். ஒரே பெயரை நம்பி வேறொருத்தி குடும்பத்தில் அவளைச் சேர்த்துவிட்டார்கள். குடும்பப் பெயர் உள்ள தேசத்திலேயே இப்படி என்றால், முத்துசாமியும் ராமாயியும் லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள்தோறும், இருந்த தோட்டத்தில் என்ன ஆகும்?

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயர் முதலெழுத்தாக ஒரு தலைமுறை நிற்கும், அடுத்த தலைமுறையில் மாறிவிடும். தோட்டத்துக் கிளார்க் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஆளின் பெயர் ஒவ்வொரு ஏட்டில் ஒவ்வொரு விதமாக விழுந்திருக்கும். ஆகவே பெயரைக் கொண்டு மட்டும் யாரையும் பிடிக்க முடியாது. பெயரோடு அப்பா பெயர், தோட்டம், டிவிஷன், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணி என்று மூன்று நாலு பொருந்தி வந்தால்தான் இவர் நம்ம ஆள் என்று சொல்லலாம்.

இனி காகிதத்துக்கு வருவோம். வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் பாருங்கள். முதலில் கிடைப்பது குடும்ப அட்டையாக இருக்கும். தாயகம் திரும்பியவர்களுக்கு இந்தியத் தூதரகம் கொடுத்தது. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, உறவு என்று எழுதி, இந்தியாவில் என்ன மறுவாழ்வு உதவி என்றும் குறித்திருக்கும். இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. அட்டையில் உள்ள இந்திய ஊர், குடியமர்த்த ஒதுக்கிய இடமாக இருக்கலாம். பூர்வீகம் வேறு, ஒதுக்கீடு வேறு. வியாபாரக் கடன் 5,000 ரூபாய் என்று எழுதி ஏதோ ஒரு ஜில்லாவுக்கு அனுப்பியிருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய கைக்கு வியாபாரம் ஓடாமல், தெரிந்த வேலையைத் தேடி நீலகிரிக்கு ஏறி வந்தவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், இவர்களுக்காகவே 1968இல் வனத்துறை தேயிலை போடத் தொடங்கி, 1975இல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ நிறுவனமாயிற்று. அந்தத் தோட்டங்களுக்கு நேராக அனுப்பப்பட்ட குடும்பங்களும் உண்டு. எந்த வழியில் வந்தீர்கள் என்று தெரிந்தால், அட்டையில் உள்ள ஊரை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

அட்டையை விடப் பெரிய சாட்சி பாஸ்போர்ட்டும் அதற்கு முந்திய குடியுரிமை விண்ணப்பமும். இங்கே கொஞ்சம் நின்று சட்டத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தாத்தாவின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டதே ஒரு வம்சாவளிக் கேள்விதான்.

1948 நவம்பர் 15 முதல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் அங்கே பிறந்தவர் இலங்கைக் குடிமகன் என்று சொல்லிக்கொள்ள, அவருடைய அப்பா இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவரைப் பெற்ற பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து, வாசலிலேயே குழி தோண்டித் தொப்புள்கொடி புதைத்த சனத்திடம் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். மறுவருஷம் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று இன்னொரு சட்டம் போட்டார்கள். கல்யாணமானவர் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இலங்கையில் குடியிருந்ததாக நிரூபிக்க வேண்டும். சுமார் எட்டேகால் லட்சம் பேருக்காக மனு போனது. பதிவானது சுமார் 1,34,000 பேர்.

இந்தியப் பக்கமும் அதே மாதிரி ஒரு கேள்வி இருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சத்தார் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழிசெய்தது நம் அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவு. மனுதாரரோ, அவருடைய பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிகளில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்றது அது. கவனித்துப் பாருங்கள். 1948இல் இலங்கைச் சட்டம் அப்பன் வழியை மட்டுமே எண்ணியது. இந்தியச் சட்டத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டி பிறந்த ஊரும் செல்லும். அதனால் இந்தியாவுக்கு விண்ணப்பித்த காகிதத்தில் இருக்கும் ஊர் அம்மா வழி ஊராகவும் இருக்கலாம். அப்பா பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொண்டு போய், அங்கே யாருக்கும் தாத்தா பெயர் தெரியவில்லை என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். பாட்டி பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்குப் பிடித்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பங்கு பிரித்தவர்கள் யாரும் அந்த மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த ரயிலை இலங்கை மலையகத்தார் அழுகைக் கோச்சி என்பார்கள். அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று வீடு இரண்டுபட்ட குடும்பங்கள் அதில் இருந்தன. அங்கேயே தங்கிவிட்ட கிளையைக் கண்டுபிடித்தால், உங்களிடம் இல்லாத காகிதம் அவர்களிடம் இருக்கலாம்.

அடுத்தது இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். அதன் படிவத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். பிள்ளை, அப்பா, அம்மா விவரத்தோடு, பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். பூட்டனுக்கும் கட்டம் உண்டு. வம்சாவளியால் குடியுரிமை கொடுக்கிற நாட்டில் அந்தக் கட்டங்களுக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அப்பாவின் சான்றிதழில் அவை நிரம்பியிருந்தால் இரண்டு தலைமுறை கையில் கிடைத்துவிட்டது. வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு துப்புத்தான். அப்பாவின் தாத்தா பெரும்பாலும் இக்கரையில் பிறந்தவர், கப்பலேறியவர் அவராகவே இருக்கலாம்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தோட்டத்துப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடலாம். ஆங்கிலிகன் சபையார் 1854இலேயே தோட்டத் தமிழருக்கென்று ஒரு மிஷன் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கு சேமலாப நிதிக் காகிதம், தொழிற்சங்கச் சந்தா அட்டை, பழைய கடித உறை எதுவும் உதவும். கடித உறையை யாரும் மதிப்பதில்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். முகவரி இருப்பது அதன் மேல்தான்.

தோட்டத்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெண்களின் பெயர் தனியாக இருக்கும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கொழுந்தெடுத்தவள் அவள், கணக்கு விழுந்ததும் அவள் பெயரில். ஊரில் இருந்திருந்தால் இன்னாருடைய பெண்சாதி என்று போயிருக்கும் ஒருத்திக்குத் தோட்டத்துக் கணக்கில் சொந்தப் பெயர் இருந்தது. கூலியை வாங்கியவன் பல நேரம் புருஷன்தான், ஆனாலும் தேடுகிறவருக்கு அவள் பெயர் அங்கே இருக்கிறது.

இதற்கும் முந்திய காலத்துக்குப் போனால் கங்காணியைப் பிடிக்க வேண்டும். கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சொந்தபந்தமாகப் பார்த்துத்தான் ஆள் கட்டினார். ஒரு கங்காணியின் செட்டில் போனவர்கள் பெரும்பாலும் ஒரே சுற்றுவட்டாரத்துக்காரர்கள். உங்கள் தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும் அவருடைய கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதித் தூரம் வந்துவிட்டீர்கள். அடுத்த காம்பராக்காரரின் பூர்வீகத்தையும் விசாரியுங்கள். அயர்லாந்துக்காரர்கள் ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானத்தாயின் பெயரைப் பிடித்துத் தேடுவது இதே கணக்கில்தான், சேர்ந்து போனவர்கள் சேர்ந்தே குடியிருப்பார்கள்.

அந்தக் காலத்துக் காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். தோட்டம் மாறுகிறவர் கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சியாகக் கொண்டுபோக வேண்டிய சீட்டு. கடனோடு ஆளையும் கைமாற்றுகிற விலங்காக அது ஆகிவிட்டதால் 1921இல் ஒழித்தார்கள். தகர டிக்கெட் என்று இன்னொன்று இருந்தது. தட்டப்பாறை, மண்டபம் முகாம்கள் வழியாகப் போன ஆட்களின் கழுத்தில் தோட்டத்து எண் குத்திய தகர வில்லையைக் கட்டி விட்டார்கள். அது எந்த வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போடாதீர்கள். அதிலுள்ள எண்ணே ஒரு தோட்டத்துக்கு வழிகாட்டும்.

சரி, காகிதத்தில் ஊர் கிடைத்துவிட்டது. "திருச்சி ஜில்லா, நாமக்கல் தாலுகா" என்று இருக்கிறது. இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நாமக்கல் முன்பு திருச்சியில் இருந்தது, பிறகு சேலத்தில் சேர்ந்தது, 1997 முதல் தனி மாவட்டம். புதுக்கோட்டை 1948 வரை சமஸ்தானம், 1974இல்தான் தனி மாவட்டமாயிற்று. கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் பழைய திருச்சி ஜில்லாவுக்குள் அடக்கம். பழைய தாலுகாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அது பிற்பாடு எத்தனையாகப் பிரிந்தது என்று பார்த்தால் போதும். ஊர்ப்பெயர் பழைய ஏட்டில் அரைகுறையாக இருக்கலாம். அந்தப் பெயரை எழுத்தால் தேடாமல் வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பாருங்கள், பழகிய பெயர் ஒன்று காதில் விழும்.

காகிதமே இல்லை, 1977 கலவரத்திலோ 1983இலோ லயத்தோடு எரிந்துபோய்விட்டது என்றால்? அப்போது குலதெய்வம். எனக்கு இதில் மிகுந்த நம்பிக்கை உண்டு. கடல் தாண்டிப் போனவர்கள் ஊர்க்கோயிலில் பிடிமண் எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் சாமி வைத்தார்கள். முனியாண்டி, மாடசாமி, மதுரைவீரன் என்று சொன்னால் அது நாடெங்கும் இருக்கிற சாமி, துப்பு ஆகாது. சாமிக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஊரோ காடோ ஏரியோ என்ன என்று பாட்டியிடம் கேளுங்கள். சாமியாடும்போது எந்த எல்லையைச் சொல்லி அழைப்பார்கள், முடி எடுக்க எங்கே போவதாக நேர்ந்துகொண்டார்கள், அதையும் கேளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தேயிலை ஃபாக்டரியில் வைத்துக் கும்பிட்ட ரோதைமுனி மலையகத்திலேயே பிறந்த சாமி. அதைத் தேடித் திருச்சிக்குப் போனால் கிடைக்காது. கூத்தும் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். பொன்னர் சங்கர் கதையை விடாமல் ஆடிய குடும்பம் என்றால் மணப்பாறை, வீரப்பூர், கரூர் சுற்றுவட்டாரத்தை முதலில் பார்க்கலாம்.

டிஎன்ஏ பரிசோதனை பற்றியும் இப்போது கேட்கிறார்கள். அது யார் சொந்தம் என்று சொல்லும், ஊர்ப்பெயர் சொல்லாது. காசிருந்தால் பிறகு செய்துகொள்ளுங்கள்.

அரசாங்க நில ஏடுகளில் தேடிப் பல பேர் சோர்ந்துபோகிறார்கள், அதற்குக் காரணம் உண்டு. கண்டிச்சீமை என்ற இலங்கைத் தோட்டப்பகுதிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பட்டா எவன் பெயரில் இருந்ததோ அவன் பெயர்தான் ஏட்டில் ஏறும், பண்ணையாளின் பெயர் ஏறாது. அயர்லாந்தின் கிரிஃபித் ஏட்டில் குடிசையில் குடியிருந்தவன் பெயரும் இருக்கிறது. நம் முன்னோர் செட்டில்மெண்ட் பதிவேட்டில் இல்லை என்பதால் அவர்கள் அந்த ஊரில் இல்லை என்று ஆகிவிடாது. கிராமப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் எந்த வருஷம் வரை இருக்கின்றன என்று விசாரியுங்கள். தாத்தா கப்பலேறிய பிறகும் பிறந்த வீட்டில் சாவும் பிறப்பும் நடந்திருக்கும்.

இத்தனையும் செய்வதற்கு முன் செய்ய வேண்டியது, வீட்டில் மூத்தவரோடு உட்காருவது. செல்போனில் பதிவு செய்யுங்கள், அவர்கள் சம்மதத்தோடு. "பூர்வீகம் எது?" என்று எடுத்த எடுப்பில் கேட்டால் "அதெல்லாம் யாருக்குத் தெரியும்" என்று முடித்துவிடுவார்கள். உங்க அம்மாவுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்தது, பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட கங்காணி யார், சண்டை வந்தால் எந்த ஊர்க்காரன் என்று சொல்லித் திட்டினார்கள் என்று கேளுங்கள். சாதியைச் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அந்த அடையாளத்தை விட்டு விலகத்தான் சிலர் ஊரையே மறந்தார்கள், அது அவர்கள் உரிமை.

கோத்தகிரி ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். முன்னும் பின்னும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே இருக்கும் தாளும் கெட்டுப்போகும்.

கடைசியில் ஊருக்குப் போவீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நீங்கள் தாத்தா பெயரைச் சொன்னதும், பங்கு கேட்க ஆள் வந்துவிட்டதோ என்றுதான் அங்கே முதலில் நினைப்பார்கள். நிலத்துக்காகவோ வீட்டுக்காகவோ வரவில்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கையில் உள்ள படங்களைக் காட்டுங்கள். ஊரில் தங்கிவிட்ட தாத்தாவின் அண்ணன் தம்பி பெயரோ, கட்டிக்கொடுத்த தங்கை பெயரோ தெரிந்தால் அதைச் சொல்லுங்கள், போனவர் பெயரைவிட இருந்தவர் பெயர்தான் அங்கே எடுபடும். சொந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கங்காணி பெயரையும் தோட்டத்துப் பெயரையும் உங்கள் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள். அதே செட்டில் போன இன்னொரு குடும்பத்துப் பிள்ளை கூடலூரிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ அங்கே வந்து விசாரிக்கலாம்.